கதவு வழியே கடல்: டோவர் – கலே நாட்குறிப்பு

முதல் நாள், டோவர்

தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் சரக்குக் கணக்கு எழுதியவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பழக்கம் விடுவதில்லை. எந்தக் கப்பலைப் பார்த்தாலும், அதில் பாரம் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்றுதான் கண் போகும். லண்டனில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அரண்மனையும் பாலமும் அருங்காட்சியகமும் காட்டிவிட்டார்கள். போன வாரம் மாப்பிள்ளை, "மாமா, காரோடு கப்பலில் ஏறி பெல்ஜியம் வரை போய்வருவோமா?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் பாஸ்போர்ட்டைத் தேடப் போய்விட்டேன் என்று மகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு விடுப்பு இல்லை. ஆகவே நாங்கள் இருவர் மட்டும். ஐரோப்பிய விசாவைச் சென்னையிலேயே வாங்கி வந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

மதியம் டோவர் வந்து சேர்ந்தோம். ஆங்கிலக் கால்வாயின் இக்கரை டோவர், அக்கரை பிரான்சின் கலே. நேராக லாங்டன் குன்றுக்கு ஏறினோம். வெள்ளைப் பாறை என்று உலகமே பேசும் இடம் இதுதான். சுண்ணாம்புப் பாறை, செருப்பெல்லாம் மாவு பூசியதுபோல் ஆகிவிட்டது. ஆனால் வந்தவர்களெல்லாம் பாறையையும் கடலையும் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் காலடியில் விரிந்து கிடந்த கிழக்குத் துறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மேலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் கோலம் போட்டதுபோல் தெரிகிறது. எண் போட்ட வரிசைகள், வரிசை நிறைய லாரிகள், அவை வளைந்து போய் மறையும் கப்பலின் வாய்.

ஒரு கப்பல் வந்து கட்டியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். கதவு திறந்தது, லாரிகள் இறங்கின, வேறு லாரிகள் ஏறின, கார்கள் ஏறின, கதவு மூடியது, கப்பல் போய்விட்டது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் இந்த நேரத்தில் பாதிக் கப்பலுக்கு முத்திரைகூடப் போட்டிருக்கமாட்டோம். கிரேன் இல்லை, சங்கிலி இல்லை, கீழே நின்று கையசைத்துக் கத்தும் ஆளும் இல்லை. எல்லா வேலையையும் அந்தக் கதவே செய்கிறது.

மாலையில் ஊருக்குள் புனித மேரி தேவாலயத்துக்குப் போனோம். அங்கே ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம், கப்பலில் இறந்தவர்களின் நினைவாக வைத்தது. அந்தக் கதையை இங்கே எழுதப் பிடிக்கவில்லை. அந்த இடத்துக்கே போகிறோம், அங்கிருந்து எழுதுகிறேன்.

இரண்டாம் நாள், டோவர் – கலே

காலை ஏழரைக்கெல்லாம் வரிசையில் நின்றோம். முதலில் வியப்பளித்தது குடிவரவுச் சோதனை. பிரெஞ்சுப் போலீசார் டோவரிலேயே உட்கார்ந்து முத்திரை குத்துகிறார்கள். கால் இங்கிலாந்தில், முத்திரை பிரான்சில்.

நாங்கள் ஏறியது பி அண்ட் ஓ நிறுவனத்தின் 'ஸ்பிரிட் ஆஃப் பிரிட்டன்'. 2011-இல் ஓடத் தொடங்கியது, பின்லாந்தில் கட்டியது, 213 மீட்டர் நீளம். பெயரில் பிரிட்டன் இருக்கிறது. பின்புறத்தில் பதிவுத் துறைமுகம் என்று லிமாசோல் என எழுதியிருக்கிறது. அது சைப்ரஸ். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகப்போகிறது என்றதும் 2019-இல் இந்த வழித்தடக் கப்பல்களைச் சைப்ரஸ் கொடிக்கு மாற்றிவிட்டார்கள். முதலாளி துபாய்க்காரர்கள், 2006 முதலே. ஒரு கப்பலின் ஜாதகத்தை எழுத இத்தனை நாடுகள் வேண்டியிருக்கிறது.

கார் தளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, மாடிப்படி ஏறவேண்டும். பயணத்தின்போது கீழே யாரும் இருக்கக்கூடாது. படிக்கட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று மாப்பிள்ளை இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் தலையாட்டினேன். (இதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.)

மேலே ஒரு சிறிய ஊர். உணவகம், காப்பிக் கடை, பிள்ளைகள் விளையாட இடம், லாரி ஓட்டுநர்களுக்கென்று தனி அறை. அந்த அறைக்குள் நம்மை விடமாட்டார்கள். நியாயம்தான், கப்பலுக்குச் சோறு போடுவது அவர்கள்தான், நம் காரும் குடும்பமும் அப்பளம். தீர்வையில்லாக் கடையில் நல்ல கூட்டம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தீர்வையில்லா விற்பனையை 1999-இல் நிறுத்தியபோது கால்வாய்க் கப்பல்களுக்குப் பெரிய அடி விழுந்தது. பிரிட்டன் வெளியேறிய பிறகு 2021 முதல் மீண்டும் வந்துவிட்டது. டிக்கெட்டில் சம்பாதிப்பதைவிடப் புட்டியில் சம்பாதித்த காலம் ஒன்று இந்தத் தொழிலில் உண்டு.

பயணம் ஒன்றரை மணி நேரம். கால்வாய் மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர்தான். அடியில் 1994 முதல் ரயில் சுரங்கம் ஓடுகிறது, முப்பத்தைந்து நிமிடத்தில் அக்கரை சேர்த்துவிடும். சுரங்கம் வந்தால் கப்பல் செத்தது என்றார்கள். இதோ என் எதிரே மூன்று லாரி ஓட்டுநர்கள் மலைபோல் உருளைக்கிழங்கு வறுவலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கப்பல் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதை மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு மாப்பிள்ளைக்குச் சொன்னேன். ஒரு மாதமாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பாவம், மரியாதைக்காகக் கேட்டார்.

1920-களில் இங்கே கடல் கடக்கும் கப்பல்கள் ரயில்வே நிறுவனத்தின் கையில். காரைக் கொண்டுபோக வேண்டுமென்றால் பெட்ரோலை வடித்துவிட்டு, கிரேனில் தூக்கி, தளத்தில் இறக்கவேண்டும். கட்டணமோ கண்ணைக் கட்டும். அதில் கோபம் கொண்டவர் கேப்டன் ஸ்டூவர்ட் டவுன்சென்ட். 1928-இல் 'ஆர்டிஃபைசர்' என்ற நிலக்கரிக் கப்பலை வாடகைக்குப் பிடித்தார். 15 கார், 12 பயணிகள். பன்னிரண்டுக்கு மேல் ஒரு தலை கூடினால் பயணிகள் கப்பலுக்குரிய விதிகள் அத்தனையும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தக் கணக்கு. ரயில்வே தன் கட்டணத்தைக் குறைக்கும்வரை கொஞ்ச நாள் ஓட்டிக் காட்டுவோம் என்றுதான் தொடங்கினார். கூட்டம் விடவில்லை. ரயில்வே 1931-இல் 'ஆட்டோகேரியர்' என்று தனிக் கார் கப்பலையே இறக்கவேண்டி வந்தது.

இதைச் சொல்லும்போது எனக்கு வ.உ.சி. நினைவு வராமல் எப்படி இருக்கும்? அவர் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இதேபோன்ற குறுங்கடல் வழிக்குத்தான்: தூத்துக்குடி – கொழும்பு. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றி, குடையும் கொடுத்தார்களாம். டவுன்சென்டுக்குப் போட்டியாக வந்தது ஒரு புதுக் கப்பல். நம்மவருக்கு வந்தது சிறையும் செக்கும். அந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1914-இல் பி அண்ட் ஓ-வோடு இணைந்தது. டவுன்சென்டின் கம்பெனியும் கடைசியில் பி அண்ட் ஓ-விடம்தான் போய்ச் சேர்ந்தது. அதன் கொடி பறக்கும் கப்பலில் தூத்துக்குடிக்காரன் ஒருவன் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான். காப்பி சுமார்தான்.

கதவுக்கு வருகிறேன். டவுன்சென்டின் அடுத்த கப்பல் 'ஃபோர்ட்', கடலில் கண்ணிவெடி அகற்றும் கண்ணிவாரிக் கப்பலாக இருந்ததை மாற்றிக் கட்டியது. பின்புறம் இறக்கிவிடக்கூடிய கதவு வைத்தார். ஆனால் கரையில் அதற்கேற்ற சாய்தளம் எந்தத் துறையிலும் இல்லை. கதவை வைத்துக்கொண்டு கிரேனிலேயே தூக்கினார்கள். கலேயில் கிரேன்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மட்டும் கதவு வழியாகக் கார்கள் இறங்கியதாகச் சொல்வார்கள். பந்தியில் இலை போட்டாயிற்று, பரிமாற ஆள் வர இருபது ஆண்டாயிற்று என்பதுபோல.

போருக்குப் பிறகு 'ஹல்லடேல்' என்ற போர்க்கப்பலை வாங்கி மாற்றினார்கள். அது 1950-இல் ஓடத் தொடங்கியது. 1951-இல் கலேயில் சாய்தளம் வந்தது. 1953-இல் டோவர் கிழக்குத் துறையிலும் வந்தது. நேற்று குன்றின்மேல் இருந்து பார்த்தேனே, அந்தத் துறைதான். தண்ணீர் ஏறி இறங்க, கூடவே ஏறி இறங்கும் பாலம் அது. டோவரில் கடல் மட்டம் ஆறு மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். தூத்துக்குடியில் ஒரு மீட்டரே அதிகம். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் பாலம் இல்லாமல் கதவு வெறும் கதவுதான்.

பிறகு 1962-இல் 'ஃப்ரீ என்டர்பிரைஸ்'. தனியார் முயற்சி என்று பொருள். எதிரே நின்ற ரயில்வே கப்பல்கள் அப்போது அரசுடைமை. கப்பலின் நெற்றியிலேயே எழுதி வம்புக்கு இழுத்தார்கள். 1965-இல் வந்த இரண்டாம் 'ஃப்ரீ என்டர்பிரைஸ்' தான் பெரிய திருப்பம். பின்னால் ஒரு கதவு, முன்னால் ஒரு கதவு. எங்கள் தோணிக்காரர்கள் கப்பலின் முன்பக்கத்தை அணியம் என்பார்கள். அணியம் என்பது கடலைக் கிழிக்கிற இடம். அதில் கதவு வைப்பது என்றால் எந்தத் தோணிக்காரனும் எழுந்து போய்விடுவான். ஆனால் பின்னால் ஏறி முன்னால் இறங்கினால் ஒரு லாரியும் பின்னோக்கி வரவேண்டியதில்லை. நேரம்தான் இந்தத் தொழிலில் பணம். பிரிட்டிஷ் கொடியில் அப்படி இரு பக்கமும் திறக்கும் முதல் கப்பல் அது.

1968-இல் நார்வேயின் ஓட்டோ தோரெசன் கம்பெனியோடு இணைந்தார்கள். அது 1964-இலேயே சவுத்தாம்ப்டனிலிருந்து 'வைக்கிங்' கப்பல்களை ஓட்டிய கம்பெனி. டவுன்சென்ட் தோரெசன் என்று பெயர் மாறியது, கப்பல்கள் ஆரஞ்சு நிறம் பூசிக்கொண்டன. எழுபது எண்பதுகளில் இந்தக் கடலே ஆரஞ்சு நிறமாக இருந்திருக்கும்.

கலே வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் காருக்குப் போகச் சொன்னார்கள். நான் இறங்கிய படிக்கட்டில் போனால் லாரிகள். வேறு படிக்கட்டில் போனால் வேறு கார்கள். ஊழியப் பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே கையைப் பிடித்து அழைத்துப்போனாள். அவள் தினமும் என்னைப் போன்றவர்களை மீட்கிறாள் போலிருக்கிறது. எங்கள் வரிசையில் எங்கள் கார் மட்டும் நகராமல் நிற்க, பின்னால் இருந்தவர்கள் ஆரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கலேயில் நகர மண்டபத்தின் முன் ரோதின் செய்த ஆறு நகரத்தார் சிலையைப் பார்த்தோம். கழுத்தில் கயிறும் கையில் நகரத்துச் சாவியுமாக எதிரியிடம் போகிறார்கள். இரவு நல்ல மீன் கிடைத்தது.

மூன்றாம் நாள், ஸேப்ரூகே

காலையில் புறப்பட்டு பெல்ஜியத்துக்குள் போனோம். எல்லை எங்கே என்றே தெரியவில்லை. ஸேப்ரூகே கடற்கரை அகலமான மணல், சிலர் நாயோடு நடக்கிறார்கள். தூரத்தில் துறைமுகத்தின் அலைதாங்கி. நான் தேடிவந்த இடம் அதற்கு வெளியே.

1987 மார்ச் 6, மாலை. டவுன்சென்ட் தோரெசனின் 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' இங்கிருந்து டோவருக்குக் கிளம்பியது. பயணிகள் 459 பேர், ஊழியர்கள் 80 பேர். ஒரு நாளிதழ் ஒரு பவுண்டுக்குப் பயணம் என்று சலுகை கொடுத்திருந்ததால் கூட்டம். அந்தக் கப்பலைக் கட்டியது கலே வழிக்கு. அங்கே இரண்டு தளத்திலும் ஒரே நேரத்தில் வண்டி ஏற்றலாம். இங்கே பாலம் மேல்தளத்துக்கு எட்டவில்லை. அதனால் அணியத்துத் தொட்டிகளில் நீர் நிரப்பிக் கப்பலின் மூக்கைத் தாழ்த்தி வண்டி ஏற்றினார்கள். கிளம்பும்போதும் மூக்கு தாழ்ந்தே இருந்தது.

அணியத்துக் கதவை மூடவேண்டிய ஊழியர் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அதைச் சரிபார்க்கவேண்டிய அதிகாரி, யாரோ வருகிறார் என்று நினைத்து மேலே போய்விட்டார். மேலே சுக்கான் அறையில் கேப்டனுக்குக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று காட்டும் விளக்கு கிடையாது. வேறொன்றும் யாரும் சொல்லாததால் மூடியிருக்கிறது என்று பொருள், அதுவே வழக்கம். கப்பல் வேகமெடுத்ததும் அணியத்து அலை உயர்ந்து கார் தளத்துக்குள் புகுந்தது.

சுவர் இல்லாத நீண்ட தளம் அது. லாரி தடையின்றி ஓட அப்படித்தான் கட்டவேண்டும். பெரிய தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இரண்டு கையால் தூக்கிப் பாருங்கள். சற்றே சாய்த்தால் தண்ணீர் முழுவதும் ஒரு பக்கம் ஓடும், தாம்பாளம் இன்னும் சாயும். அவ்வளவுதான் விஷயம். ஒன்றரை நிமிடத்தில் கப்பல் புரண்டது. மணல்திட்டில் மோதியதால் பாதி உடல் நீருக்கு வெளியே நின்றது. கரையிலிருந்து ஒரு மைலுக்கும் குறைவு. 193 பேர் இறந்தார்கள். பலரைக் கொன்றது நீரல்ல, குளிர். ஆண்ட்ரூ பார்க்கர் என்ற பயணி உடைந்த இடைவெளியின் குறுக்கே தானே பாலமாகப் படுத்து, தன் முதுகின்மேல் மனிதர்களை நடக்கவைத்தார்.

நான் கணக்கெழுதியவன். எனக்குத் தூக்கம் கெடுத்தது விசாரணையில் வெளிவந்த ஒரு தாள். விபத்துக்கு முன்பே இந்தக் கம்பெனியின் கேப்டன் ஒருவர், கதவு நிலையைக் காட்ட மேலே ஒரு விளக்கு வையுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறார். நிர்வாகிகள் அந்தக் குறிப்பைத் தங்களுக்குள் சுற்றவிட்டார்கள். தள ஊழியர் விழித்திருக்கிறாரா, தெளிவாக இருக்கிறாரா என்று சொல்லவும் ஒரு விளக்கு வேண்டுமா என்று ஒருவர் நக்கலாக எழுதினார். அலுவலகத்தில் இப்படிப்பட்ட குறிப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் எழுதிச் சிரித்ததும் உண்டு. அந்த இரவில் ஊழியர் உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்.

நீதிபதி ஷீன் தன் அறிக்கையில் தூங்கியவரோடு நிறுத்தவில்லை. மேலிருந்து கீழ்வரை அந்த நிறுவனத்தை அலட்சியம் என்ற நோய் பீடித்திருந்தது என்று எழுதினார். ஆனால் அலட்சியத்தால் உயிர்களைப் பறித்ததாகக் கம்பெனிமீது தொடுத்த வழக்கு 1990-இல் நிற்கவில்லை. நிறுவனத்தைக் குற்றவாளியாக்கும் தனிச் சட்டம் பிரிட்டனில் வர 2007 ஆயிற்று. விளக்கோ உடனே வந்தது. கண்காணிப்புக் கேமராவும் வந்தது.

விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்தான் பி அண்ட் ஓ இந்தக் கம்பெனியை வாங்கியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டவுன்சென்ட் தோரெசன் என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். ஆரஞ்சுக் கப்பல்கள் நீலமாயின. தங்கைக் கப்பல்களின் பெயரிலிருந்து 'ஃப்ரீ என்டர்பிரைஸ்' நீங்கியது. ஹெரால்டை நிமிர்த்தி, இழுத்துப்போய், 1988-இல் தைவானில் உடைத்தார்கள்.

மணலில் உட்கார்ந்து மாப்பிள்ளை பொட்டலத்தைப் பிரித்தார். மகள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு. முதல் முறையாக அவரே கேட்டார்: "அந்தக் குறிப்பு எழுதியவர் பிறகு என்ன ஆனார், மாமா?" விளக்கு கேட்டவரையா, நக்கல் செய்தவரையா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

நான்காம் நாள், கலே – டோவர்

இரவு ப்ரூகேயில் தங்கினோம். கால்வாய்களும் படகுகளும் அழகுதான். அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

திரும்பும் கப்பல் 'பி அண்ட் ஓ பயனியர்'. 2023-இல் ஓடத் தொடங்கியது, சீனாவின் குவாங்சோவில் கட்டியது, 230 மீட்டர், 1,500 பயணிகள். இதற்கு அணியமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. இரண்டு முனையும் ஒன்றே. இரண்டு முனையிலும் சுக்கான் அறை. மற்றக் கப்பல்கள் துறைக்குள் உடம்பைத் திருப்பிக்கொள்ளவேண்டும். இது வந்தபடியே போகும், கேப்டன்தான் மறுமுனைக்கு நடக்கவேண்டும். திருப்புகிற நேரமும் எரிபொருளும் மிச்சம். டீசலோடு மின்கலமும் உண்டு. கட்டணம் குறைத்த கோபக்கார டவுன்சென்ட் இதைப் பார்த்தால் கடிகாரத்தை எடுத்து நேரம் குறிப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஊழியர்களைப் பார்க்கும்போதெல்லாம் 2022 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு மார்ச் 17 அன்று 786 கடலோடிகளுக்கு, முன்பே பதிவுசெய்த காணொளி ஒன்றின் மூலம், வேலை போயிற்று என்று சொன்னார்கள். முன்னறிவிப்பு கிடையாது. தொழிற்சங்கத்தோடு கலந்துபேச வேண்டும் என்ற சட்டத்தைத் தெரிந்தேதான் மீறினோம் என்று தலைமை நிர்வாகி நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார். புது ஆட்களின் சராசரிச் சம்பளம் மணிக்கு ஐந்தரை பவுண்டு என்றும் சொன்னார். அப்போது பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி 8.91. லிமாசோல் என்று பின்புறத்தில் எழுதியிருப்பதை நேற்று முன்தினம் சிரித்துக்கொண்டே எழுதினேன். கொடி எந்த நாட்டுடையது என்பது சம்பளப் பட்டியலில் எப்படித் தெரியும் என்பதற்காகவும் அதைக் குறித்துவைக்கவேண்டியிருக்கிறது. பிறகு 2023-இல் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றினார்கள். விளக்கு வந்ததுபோலத்தான், நடந்த பிறகு.

நேற்று முன்தினம் என் கையைப் பிடித்து அழைத்துப்போன பெண்ணுக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம்.

இம்முறை படிக்கட்டின் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். அழைப்பு வந்ததும் முதல் ஆளாய்க் காரில் உட்கார்ந்தேன். எங்களுக்கு அதிர்ஷ்டம், வரிசையில் முதல் கார். நேர் எதிரே கதவு, வெள்ளை பூசிய பெரிய இரும்புச் சுவர். பக்கத்தில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கையில் வயர்லெஸ்ஸோடு நிற்கிறார். கப்பல் கரையைத் தொட்ட அதிர்வு இருக்கையில் தெரிந்தது. அவர் ஏதோ பேசினார், பதில் வந்தது, மீண்டும் பேசினார். மேலே விளிம்பில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. அது அகலமாகி, அதற்குள் டோவரின் வெள்ளைப் பாறை ஒரு துண்டு தெரிந்தது.

மஞ்சள் சட்டைக்காரர் கையைக் காட்டினார். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார்.